ஆறு வீட்டு நாஷ்டா

2024 ஜூன் 10, திங்கட்கிழமை காலை, கும்மிடிப்பூண்டியில் ஒரு பூங்காவை ஒட்டிய பெண்கள் உடற்பயிற்சிக் கூடத்தில், மீன் விற்கும் சம்பூர்ணத்தின் எடை எண்பத்தொரு கிலோ என்று இயந்திரம் காட்டியது.

சம்பூர்ணம் இயந்திரத்தைவிட்டு இறங்கி முதலில் வாசலைப் பார்த்தாள். வெளியே வேப்பமரத்தடியில் அவளுடைய மீன் கூடை இருந்தது. ஈரக் கோணி போட்டு மூடிய கூடைக்குப் பக்கத்தில் காவலாளி அந்தோணி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு பூனைகள் எட்ட நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

"பூங்காவுக்கு காவல்னு சொல்லித்தான் என்ன வேலைக்கு வெச்சாங்க. இப்ப மடவை மீனுக்கும் சேத்து காவல்" என்றார் அந்தோணி.

"தலையக் குடுத்துட்டுப் போறேன் நைனா, கொழம்பு வெச்சுக்கோ" என்று உள்ளிருந்தே சொன்னாள்.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. சுண்ணாம்புக்குளத்துக்குக் கிழக்கே பழவேற்காட்டு ஏரியை ஒட்டிய குப்பத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவள். இடது முழங்கால் மூட்டு தேய்ந்துபோயிருந்தது. பஸ் படியில் வலது காலை வைத்து ஏறி, இடது காலைக் கையால் தூக்கி உள்ளே வைக்கும் நிலை வந்தபோதுதான் திருவள்ளூர் அரசு மருத்துவமனைக்குப் போனாள். டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, மூட்டை மாற்றலாம், ஆனால் ஆறு கிலோவாவது குறைந்து, தொடையில் பலம் ஏறியிருக்க வேண்டும் என்றார். "இந்த வெயிட்டோட புது மூட்டு வெச்சா அதுவும் தேஞ்சுடும்மா. செப்டம்பர்ல வந்து காட்டுங்க. கொறஞ்சிருந்தா தேதி குடுக்கறேன்."

குறையாவிட்டால் என்ன என்று அவள் கேட்கவில்லை. குப்பத்தில் அதற்கு விடை இருந்தது. நடக்க முடியாமல் போன பெண்கள் கொட்டகையில் வரிசையாக உட்கார்ந்து நாள் முழுக்க இறால் உரித்தார்கள். மகன் சசிகுமார் ஏரியில் வலை கட்டுகிறவன், அம்மாவுக்குச் சோறு போட மாட்டேன் என்று சொல்கிறவன் இல்லை. ஆனாலும் சம்பூர்ணத்துக்குத் தெருவில் நடக்க வேண்டும். கூடையைத் தலையில் வைத்து, ஒரு தெருவின் முனையில் நின்று "மீனே" என்று கூவி, எந்தக் கதவு முதலில் திறக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கூடத்தில் பயிற்சி கொடுத்தவள் சுகிர்தா. உடற்கல்வி படித்த இளம்பெண். சம்பூர்ணத்துக்கு மகள் வயதுதான், ஆனாலும் அவளைச் சம்பூர்ணம் "டீச்சர்" என்றுதான் கூப்பிட்டாள். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, நகராத சைக்கிளை மிதிப்பது, கணுக்காலில் மணல் பையைக் கட்டிக்கொண்டு படுத்தவாக்கில் காலைத் தூக்குவது. முதல் வாரம் அழுகை வந்தது. மூன்றாம் வாரம் பஸ் படியில் இடது காலைக் கையால் தூக்காமல் வைத்தாள். கண்டக்டர் அதைக் கவனித்து, "இன்னா அத்தை, புதுக் காலா?" என்றார்.

கால் தேறியது. எடை தேறவில்லை. மாதம் முடிந்து இயந்திரத்தில் ஏறினால் முன்னைவிட அரைக் கிலோ கூடியிருந்தது.

சுகிர்தா இயந்திரத்தை ஒருமுறை தட்டினாள். தானே ஏறிப் பார்த்தாள். இயந்திரத்தில் பழுது இல்லை.

"காலைல இன்னா சாப்டறீங்கக்கா?"

"ஒண்ணும் இல்ல டீச்சர். வெடிகாலைல ஒரு கிளாஸ் டீத்தண்ணி. அப்பறம் வித்து முடிச்சு ஊட்டுக்குப் போயி, மத்தியானம் சோறு."

"நடுவுல?"

"நடுவுல ஏது? தெருவுலதான சுத்திக்கினு இருக்கேன்."

சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்த பெண்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். பட்டினி கிடந்தால் உடம்பு ஊதும் என்றாள் ஒருத்தி. ஓட்ஸ் குடி என்றாள் இன்னொருத்தி. முட்டையில் வெள்ளையை மட்டும் சாப்பிட வேண்டும் என்று மூன்றாமவள் சொன்னபோது, மஞ்சளை என்ன செய்வது என்று சம்பூர்ணம் அக்கறையாகக் கேட்டாள்.

இத்தனை பயிற்சி செய்துவிட்டு வெறும் வயிற்றில் வெயிலில் நடக்கிறாள் என்பது சுகிர்தாவுக்குக் கவலையாக இருந்தது. எங்கேயாவது மயங்கி விழுந்துவிடுவாள். மறுநாளிலிருந்து வீட்டில் பச்சைப்பயறு அவித்து ஒரு டப்பாவில் கொண்டுவந்து, பயிற்சி முடிந்ததும் சம்பூர்ணத்தின் கையில் வைத்தாள். சம்பூர்ணம் மரத்தடியில் உட்கார்ந்து அதை மிச்சம் இல்லாமல் சாப்பிட்டாள். இவ்வளவு சின்னப் பெண் தனக்காக விடியற்காலையில் அடுப்பு மூட்டியிருக்கிறாளே என்று அவளுக்கு மனசு நிறைந்துபோயிற்று. டப்பாவைக் கழுவிக் கொடுத்துவிட்டுக் கூடையைத் தூக்கினாள்.

அடுத்த பத்து நாளில் எடை இன்னும் கொஞ்சம் ஏறியது.

ஜூலை மாதம் ஒரு வியாழக்கிழமை, சம்பூர்ணம் கிளம்பிப் போன பிறகு சுகிர்தா சாமான்களை எடுத்து வைத்தபோது ஒரு மணல் பையைக் காணவில்லை. தேடிப் பார்த்துவிட்டு அந்தோணியைக் கேட்டாள். "மீன்காரம்மா இன்னிக்கி காலை தூக்கித் தூக்கி வெச்சு போச்சுமா. புடவைக்குள்ள கட்டினே போயிருக்கும்" என்றார். சுகிர்தா சிரித்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள்.

இரண்டாவது தெருவில் கூடை தெரிந்தது. பச்சை கேட் போட்ட வீட்டு வாசல், கேட்டுக்கு உள்பக்கம். சம்பூர்ணம் படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் எவர்சில்வர் தட்டு. தட்டில் இரண்டு தோசை, முந்தின நாள் கோழிக் குழம்பு. அந்த வீட்டு லட்சுமியம்மாள் கையில் தோசைத் திருப்பியோடு நின்று, "இன்னொண்ணு முறுகலா போட்டுகினு இருக்கேன், எழுந்துடாத" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சுகிர்தா ஸ்கூட்டரை நிறுத்தினாள்.

"வா டீச்சர். நீயும் ஒரு தோசை சாப்டு" என்றாள் சம்பூர்ணம். குரலில் கொஞ்சமும் தடுமாற்றம் இல்லை.

மணல் பையை அவிழ்த்துக் கொடுத்தபோது, "அதான் கால் இன்னிக்கி கனமா கீதேன்னு பாத்தேன்" என்றாள். சுகிர்தா பையை வாங்கிக்கொண்டாள், ஆனால் போகவில்லை. ஸ்கூட்டரைத் தள்ளியபடி சம்பூர்ணத்தோடு நடந்தாள். அடுத்த தெருவில் சுமலதா வீட்டில் இரண்டு இட்லியும் வடையும் மூடி வைத்திருந்தது. அதற்கடுத்து டெய்லர் வீட்டில் ரவை உப்புமா. திலகவதி வீட்டில் டம்ளர் நிறையக் கேழ்வரகுக் கூழ், கடித்துக்கொள்ளக் கருவாடு. ஐந்தாவது வீட்டில் பூரி. ஆறாவது வீட்டில் எதுவும் ஆகவில்லை என்று வருத்தப்பட்டுக்கொண்டே ரொட்டியும் காப்பியும் கொடுத்தார்கள். சம்பூர்ணம் ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து, அந்த வீட்டுப் பேச்சைப் பேசி, தட்டைக் கழுவி வைத்துவிட்டு எழுந்தாள்.

தெருக்கோடியில் சுகிர்தா கேட்டாள். "யக்கா, காலைல ஒண்ணுமே சாப்டறதில்லன்னு சொன்னீங்களே."

"ஆமா."

"இது இன்னாது?"

"இது சாப்பாடு இல்லமா. அவங்க குடுத்தது." சொல்லும்போதே சம்பூர்ணத்துக்கு ஏதோ இடித்தது. அவளுடைய கணக்கில் சாப்பாடு என்றால் தன் வீட்டு அடுப்பில் வெந்து, தன் தட்டில், தான் போட்டுச் சாப்பிடுவது. பிறர் வீட்டில் கொடுத்ததை வாங்கிக்கொள்வது மரியாதை. மரியாதையை யாராவது எடை போடுவார்களா? விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். ஆறு. ஒரு நாளும் எண்ணியதில்லை.

"ஆறு நாஷ்டாவா டீச்சர்?"

"ஏழு. என் பயறோட."

சம்பூர்ணம் கூடையை இறக்கிவைத்துவிட்டு ஒரு வீட்டு மதில் நிழலில் உட்கார்ந்தாள். முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு சிரிப்பு நின்று கண் கலங்கியது.

ஏழு வருடத்துக்கு முன்னால் அவள் புருஷன் ரங்கசாமி ஏரியில் இடி விழுந்து செத்துப்போனான். காரியமெல்லாம் முடிந்து முதல் நாள் கூடையோடு இந்தத் தெருவுக்கு வந்தபோது அவளுக்குக் கூவுவதற்குக் குரல் எழும்பவில்லை. முனையில் சும்மா நின்றாள். லட்சுமியம்மாள்தான் பச்சை கேட்டைத் திறந்து வந்து, எதுவும் கேட்காமல் தட்டில் தோசையைப் போட்டு, "சாப்ட்டு கூவு" என்றார். மறுநாளும் போட்டார். அன்றிலிருந்து அது நிற்கவில்லை. சுமலதாவுக்குத் தலைப்பிரசவமானபோது சம்பூர்ணம் யாரும் சொல்லாமலே பால்சுறா கொண்டுவந்து, புட்டு செய்யும் பக்குவத்தையும் சொல்லிக் கொடுத்தாள். பால் சுரந்தது. அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது, சுமலதா இன்னும் இட்லியை மூடி வைக்கிறாள். மற்ற நான்கு வீட்டுக்கும் ஒவ்வொரு காரணம் இருந்தது. ஒரு வீட்டில் சாப்பிட்டதை இன்னொரு வீட்டில் சொல்வது அவளுக்கு வழக்கமில்லை. அதனால் ஆறு வீட்டுக்காரர்களும் தாங்கள் மட்டும்தான் கொடுக்கிறோம் என்று நினைத்திருந்தார்கள். தாங்கள் கொடுக்காவிட்டால் இந்தப் பொம்பளை பட்டினியாகவே நடப்பாள் என்றும்.

"எல்லா ஊட்லயும் வேணாம்னு சொல்லிடுங்க. ஒரே ஒரு எடத்துல சாப்டுங்க. அது போதும்" என்றாள் சுகிர்தா.

"எந்த எடத்துல?"

சுகிர்தா வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள்.

சனிக்கிழமை சம்பூர்ணம் சொல்லிப் பார்த்தாள். லட்சுமியம்மாளிடம், "இன்னிக்கி வேணாம்மா, வயிறு சரியில்ல" என்றதும் அவர் முகம் வாடியது. போன வாரம் நண்டு விலையில் பேரம் பேசியதைத்தான் இவள் மனதில் வைத்திருக்கிறாள் என்று முடிவுகட்டி, "நான் ஒரு பேச்சுக்குத்தான சம்பூர்ணம் கேட்டேன்" என்றார். அதற்குமேல் மறுக்க முடியாமல் உட்கார்ந்து மூன்று தோசை சாப்பிட வேண்டியதாயிற்று. சுமலதாவிடம் விரதம் என்று பொய் சொன்னாள். சுமலதா உடனே வாழைப்பழமும் தேன் விட்ட பாலும் கொண்டுவந்து வைத்து, "அய்யோ, முன்னாடியே சொல்லியிருந்தா சேமியா பாயசம் வெச்சிருப்பேனேக்கா" என்று அங்கலாய்த்தாள். டெய்லர் வீட்டில் சர்க்கரை நோய் வந்துவிட்டதோ என்று பயந்துபோய் மாத்திரைப் பெயரெல்லாம் சொன்னார்கள். ஒரு வேளை சாப்பாட்டை மறுப்பதற்கு இவ்வளவு பேஜார் இருக்கும் என்று சம்பூர்ணம் நினைக்கவில்லை.

ஒரே ஒரு வீட்டைத் தேர்ந்தெடுத்தால் மற்ற ஐந்து வீட்டுக்கு என்ன சொல்வது? யாருடைய சோறு உசத்தி? இரண்டு இரவு அவளுக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. தோசையா இட்லியா என்பது அவளுக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. அந்தத் தட்டை நீட்டுகிற கைகளில் எதைத் தள்ளுவது என்பதுதான் தெரியவில்லை.

செவ்வாயும் வெள்ளியும் வீடுகளில் மீன் வாங்குவது குறைவு என்பதால் அவள் தெருவுக்குப் போவதில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை குப்பத்தில் பாடு போட்டார்கள். ஏரியில் வலை கட்டும் இடங்கள் எல்லாருக்கும் பொது, ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறால் விழாது. அதனால் எந்த நாள் எந்த இடம் யாருக்கு என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். அதற்குத்தான் பாடு என்று பெயர். இந்தத் தடவை நல்ல இடம் கிடைக்காதவனுக்கு அடுத்த சுற்றில் வரும். தன் முறையில் அளவுக்கு மேல் வலை போட்டவனுக்கு ஊர் அபராதம் விதிக்கும், முறையையும் பறிக்கும். சசிகுமார் சீட்டெடுத்துவிட்டுத் திரும்பி வந்து, "இந்த வாட்டி மண்ணு. அடுத்த வாட்டி நம்மளுது" என்று சாவகாசமாகச் சொல்லிவிட்டு வலையைப் பிரிக்க உட்கார்ந்தான். யார்மேலும் அவனுக்குக் கோபம் இல்லை.

சம்பூர்ணம் மகன் பக்கத்தில் கிடந்த வலை நூலில் ஆறு துண்டு கேட்டு வாங்கினாள்.

மறுநாள் ஆறு வீட்டுக்கும் போய், சாயங்காலம் லட்சுமியம்மாள் வீட்டுக்கு வரச் சொன்னாள். எதற்கு என்று சொல்லவில்லை. வந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சம்பூர்ணத்துக்குக் கூவிப் பழகிய குரல், ஆனாலும் மெதுவாகத்தான் வந்தது.

"கோச்சுக்கக் கூடாது. நீங்க ஒவ்வொருத்தரும் உங்க ஊட்ல மட்டும்தான் எனக்கு நாஷ்டா குடுக்கறீங்கன்னு நெனச்சுக்கினு இருக்கீங்க. ஆறு ஊட்லயும் சாப்டறேன். தெனமும். இங்க மூணு தோச, சுமா ஊட்ல இட்லியும் வடையும், மத்த நாலு ஊட்லயும் அப்படித்தான். இந்த ஒடம்பு கொறையலன்னா டாக்டர் மூட்டு மாத்த மாட்டாரு. மாத்தலன்னா நான் உங்க தெருவுக்கு வர முடியாது."

லட்சுமியம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அதான பாத்தேன். என் ரெண்டு தோசைல இம்மாம் ஒடம்பு எங்கருந்துடி வந்துச்சுன்னு."

"உங்களுது ரெண்டு இல்ல பெரிம்மா, மூணு" என்றாள் சுமலதா.

"நீ வடை போடறியே, அத சொல்லு."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அதற்குப் பிறகு சம்பூர்ணம் பாடு போடும் முறையைச் சொன்னாள். அவள் தெருவுக்கு வருவது வாரத்தில் ஐந்து நாள். வீடு ஆறு. ஐந்து நூலில் ஒன்றிலிருந்து ஐந்து முடிச்சு வரை போட்டிருந்தாள், ஞாயிறு முதல் சனி வரை, செவ்வாயும் வெள்ளியும் நீங்கலாக. ஆறாவது நூலில் முடிச்சே இல்லை. அதை எடுத்த வீட்டுக்கு அந்த வாரம் முறை கிடையாது. அடுத்த வாரம் அவர்களுக்குத்தான் முதல் நாள். உள்ளங்கையில் நூல்களை மறைத்து நுனியை மட்டும் நீட்டினாள்.

முடிச்சில்லாத நூல் லட்சுமியம்மாள் கைக்குப் போயிற்று.

"ஏழு வருசமா போடறவளுக்கு மொட்டைக் கயிறா?" என்றார். நூலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், எங்காவது முடிச்சு ஒளிந்திருக்கிறதா என்று. பிறகு, "சரி, மீனாவது குடுப்பியா இல்ல அதுக்கும் கயிறா?" என்று கேட்டார்.

முதல் வாரம் பாடு பாதி கெட்டது. வாரத்தில் ஒரே நாள் என்றதும் ஒவ்வொரு வீட்டிலும் விருந்து ஆரம்பித்தார்கள். திலகவதி நெய் மிதக்கும் பொங்கல் வைத்தாள். சுமலதா தேர்வாய் கண்டிகை கம்பெனியில் வேலை செய்யும் புருஷனை நைட் ஷிஃப்ட் முடிந்து வரும் வழியில் முந்திரி வாங்கிவரச் சொல்லி, பெரிய தட்டில் கேசரி கிளறியிருந்தாள். சம்பூர்ணம் தட்டைப் பார்த்தாள். வாசனை நன்றாக இருந்தது. ஒரு கரண்டியாவது எடுக்கச் சொல்லி நாக்கு கேட்டது.

"எங்க ஏரியில மொறைக்கு மேல வல போட்டா பாடு போயிடும் சுமா. உனக்கு அடுத்த வாரம் கெடையாது."

"கேசரிக்கா தண்டனை?"

"முந்திரிக்கு."

சுமலதா அதற்குமேல் வாதாடவில்லை. உள்ளே போய் இரண்டு இட்லி கொண்டுவந்து வைத்தாள். கேசரியைத் தெருப் பிள்ளைகள் தின்றார்கள். சேதி மற்ற வீடுகளுக்கும் போயிற்று. அதன் பிறகு சுகிர்தா சொன்ன அளவில்தான் தட்டு வந்தது. இரண்டு இட்லி அல்லது ஒரு தோசை, அவித்த முட்டை ஒன்று, முந்தின நாள் மீன் குழம்பு இருந்தால் ஒரு துண்டு. முட்டையின் மஞ்சளையும் சாப்பிடலாம் என்று டீச்சர் அனுமதி கொடுத்திருந்தாள். பச்சைப்பயறு டப்பா செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் மாறியது. அந்த இரண்டு நாளும் சம்பூர்ணம் கூடை இல்லாமல் பயிற்சிக்கு மட்டும் வந்தாள். பூனைகள் வந்து பார்த்துவிட்டுப் போயின.

ஒரு மாற்றத்தை அவள் எதிர்பார்க்கவில்லை. முன்பு ஆறு வீட்டிலும் அவசர அவசரமாகச் சாப்பிட்டதில் எந்தக் குழம்பு யாருடையது என்று அவளுக்கு நினைவிருந்ததில்லை. இப்போது பயிற்சி முடிந்து, தொடை கடுக்க, நல்ல பசியோடு போய் உட்காரும்போது டெய்லர் வீட்டுத் தேங்காய்ச் சட்னியில் புளி கொஞ்சம் சேர்க்கிறார்கள் என்று தெரிந்தது. லட்சுமியம்மாள் தோசை மாவில் வெந்தயம் தூக்கலாகப் போடுவார் என்று தெரிந்தது. ஏழு வருடமாக இதைத்தான் தின்றிருக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. முறை இல்லாத வீடுகளிலும் அவள் முன்பு போலவே சற்று உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தார்கள், குடித்தாள். பேச்சு குறையவில்லை.

ஒரு நாள் லட்சுமியம்மாளின் முறை வந்தபோது, தட்டை வைத்துவிட்டு அவரும் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். முன்பெல்லாம் நின்றுகொண்டுதான் இருப்பார்.

"அன்னிக்கு நீ கூவாம நின்ன பாரு, நான் உள்ளருந்து பாத்துக்கினே இருந்தேன். கேட்ட தெறக்கலாமா வேணாமான்னு."

"தெறந்தீங்களே."

"தெறந்தேன்."

சம்பூர்ணம் தோசையைப் பிட்டு வாயில் போட்டாள். "வெந்தயம் ஜாஸ்தி" என்றாள்.

"வாய் நீண்டு போச்சு உனக்கு. ஒரு தோசதான், தெரியுமில்ல" என்றார் லட்சுமியம்மாள்.

செப்டம்பர் முதல் வாரம் திருவள்ளூருக்கு சுகிர்தாவும் கூட வந்தாள். எடை எழுபத்து நான்கரைக் கிலோ. டாக்டர் காலை நீட்டி மடக்கச் சொல்லிப் பார்த்தார், தொடையை அழுத்திப் பார்த்தார். எப்போது வசதி என்று கேட்டார். சம்பூர்ணம் புரட்டாசி என்றாள். அந்த மாதம் பாதி வீடுகளில் மீன் வாங்க மாட்டார்கள்.

செப்டம்பர் 25, புதன்கிழமை இடது முழங்காலுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. ஆறாம் நாள் அவள் குப்பத்துக்குத் திரும்பினாள். புரட்டாசி முடிந்தும் ஐந்து வாரம் தெருவுக்குப் போகவில்லை. அந்த ஐந்து வாரமும் ஆறு வீட்டுக்காரர்களும் மார்க்கெட்டில் மீன் வாங்கினார்கள். ஆறாவது வாரம் தெரு முனையில் "மீனே" என்று கூவும் குரல் கேட்டது.